20 ரூபாய் பத்திரத்தில் எழுதி வாங்கிய பிரிவு விவாகரத்து ஆகுமா? தங்கைக்காகக் கேட்கிறேன்

கரிசல் அண்ணன்:

வணக்கம். யாருக்காவது இதில் அனுபவம் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். மூன்று நாளாக எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

என் தங்கைக்கு 2012 ஆவணியில் கல்யாணம். ஊர்க் கோயிலில் தாலி கட்டினார்கள், பக்கத்து மண்டபத்தில் பந்தி. மாப்பிள்ளை அம்மா வழியில் தூரத்துச் சொந்தம். மகள் பிறந்து ஒரு வருடம் ஆவதற்குள் குடியும் அடியும் தாங்காமல் 2015 கடைசியில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். 2016 தையில் இரு தரப்புப் பெரியவர்களும் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து பேசி அத்து விட்டார்கள். நாங்கள் போட்ட பதினொரு பவுனில் ஒன்பது திரும்பி வந்தது. கட்டில், பீரோ, பித்தளை அண்டா எல்லாவற்றையும் ஒரு டாட்டா ஏஸ் வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள்.

அன்றைக்கு எழுதிய பத்திரம் இப்போது என் முன்னால் இருக்கிறது. 20 ரூபாய் பத்திரம், எங்கள் தாய்மாமா பெயரில் வாங்கியது. “இன்று தேதி முதல் எங்களுக்குள் கணவன் மனைவி என்ற பந்தம் கிடையாது. அவரவர் இஷ்டப்படி மறுமணம் செய்துகொள்ளலாம். பெண் குழந்தைக்கும் எனக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை, பிற்காலத்தில் அது எந்த உரிமையும் கோராது” என்று எழுதியிருக்கிறது. கீழே இருவர் கையெழுத்து, ஆறு சாட்சி, அதில் ஒன்று எங்கள் அப்பாவின் கைநாட்டு. ஓரத்தில் நோட்டரி முத்திரை. அம்மா இதை மஞ்சள் பையில் சுற்றி, நிலப் பட்டாவோடு சேர்த்துப் பீரோவில் பூட்டி வைத்திருந்தார்.

இப்போது தங்கைக்கு ஒரு நல்ல இடம் வந்திருக்கிறது. மனைவியை இழந்தவர், மில்லில் சூப்பர்வைசர். குழந்தையையும் ஏற்றுக்கொள்கிறேன் என்கிறார். எல்லாம் பேசி முடிக்கும் நேரத்தில், “கோர்ட் தீர்ப்பு நகல் கொடுத்தால் தேதி குறித்துவிடலாம்” என்றார். பத்திரத்தைக் காட்டினேன். படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். சார்பதிவாளர் அலுவலகத்திலும் தீர்ப்பு நகல் இல்லாமல் திருமணத்தைப் பதிய முடியாது என்கிறார்கள்.

அந்தப் பழைய மாப்பிள்ளை 2018-லேயே வேறு கல்யாணம் செய்துவிட்டார், ஒரு பையனும் இருக்கிறான். அவருக்குச் செல்லுகிற பத்திரம் என் தங்கைக்கு மட்டும் எப்படிச் செல்லாமல் போகும்?

வடக்குத்தெருக்காரன்:

அண்ணே, எதற்கு இவ்வளவு பதற்றம்? எங்கள் பக்கம் காலம் காலமாக இப்படித்தான் அத்து விடுகிறார்கள். என் அத்தைக்கு இப்படித்தான் நடந்தது, இரண்டாவது கட்டி இருபது வருடம் நல்லாத்தான் இருக்கிறார். 2012-ல் பதிவு பண்ணினீர்களா? இல்லை என்றால் அந்தக் கல்யாணத்துக்குக் காகிதமே கிடையாது, அப்புறம் எதை ரத்து செய்வது? கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பதிவைப் பிறகு பார்த்துக்கொள்ளுங்கள். கோர்ட்டுக்குப் போனால் வாய்தா வாய்தா என்று பிள்ளையின் வயதுதான் போகும்.

வைகைக்கரை வக்கீல்:

வடக்குத்தெரு நண்பர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் அவர் சொன்னபடி செய்தால் ஆபத்து முழுவதும் அந்தப் பெண்ணின் தலையில் விழும். மதுரைப் பக்கம் குடும்ப வழக்குகள் நடத்துகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

பதிவு இல்லை என்பதால் கல்யாணம் இல்லாமல் போகாது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணத்தையும் பதிய வேண்டும், உண்மை. ஆனால் இந்து திருமணத்தை உண்டாக்குவது சடங்குதான், பதிவு அதற்குச் சாட்சி மட்டுமே. பதிவு விட்டுப்போனாலும் திருமணம் செல்லும் என்று 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 8-வது பிரிவே சொல்கிறது. இன்னொரு பக்கம், பதிவு செய்தவர்கள் சிலர் சார்பதிவாளரிடம் போய் “கேன்சல் பண்ணிக் கொடுங்கள்” என்று நிற்பதையும் பார்க்கிறேன். அவருக்குப் பதிய அதிகாரம் உண்டு, கல்யாணத்தைக் கலைக்க அதிகாரம் கிடையாது. சுயமரியாதைத் திருமணமும் அப்படித்தான். அதே சட்டத்தில் அண்ணா ஆட்சியில் சேர்த்த 7ஏ பிரிவின்படி புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டாலே அது சட்டப்படியான கல்யாணம். ஆனால் மாலையைக் கழற்றினால் முடிந்துபோகாது, அதற்கும் நீதிமன்றம்தான்.

ஆகவே இன்றைய தேதியில் உங்கள் தங்கை சட்டத்தின் கண்ணில் அந்த மனிதரின் மனைவி. இந்த நிலையில் இன்னொருவர் தாலி கட்டினால் அந்தக் கல்யாணம் செல்லாது. அதற்கு மேல், அது குற்றமும்கூட. பழைய தண்டனைச் சட்டத்தில் 494, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 82. ஏழு ஆண்டு வரை சிறை. கோயிலில் ரகசியமாகக் கட்டினாலும் இதேதான்.

உங்கள் கடைசிக் கேள்விக்கும் இதில்தான் பதில். அந்தப் பத்திரம் அவருக்கும் செல்லாது. இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வடக்குத்தெருக்காரன்:

வக்கீல் சாருக்கு வணக்கம். வழக்கத்தைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது என்று படித்திருக்கிறேன். அறுத்துக் கட்டுகிற வழக்கம் எங்களுக்குத் தலைமுறை தலைமுறையாக உண்டு. ஊர் கூடிச் செய்ததற்கு மதிப்பே கிடையாதா? கேட்கவே வருத்தமாக இருக்கிறது.

வைகைக்கரை வக்கீல்:

நீங்கள் படித்தது சரி. இந்து திருமணச் சட்டத்தின் 29-வது பிரிவின் இரண்டாவது உட்பிரிவு, வழக்கப்படி நடக்கும் மணமுறிவைக் காப்பாற்றுகிறது. ஆனால் “எங்களுக்கு வழக்கம் உண்டு” என்று சொன்னால் மட்டும் போதாது. அந்தச் சமூகத்தில் அது நெடுங்காலமாக, விடாமல், இன்ன முறையில்தான் என்று நிச்சயமாக இருந்து வருகிறது என்று மனுவில் எடுத்துச் சொல்லி, சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். 2002-ல் யமனாஜி ஜாதவ் வழக்கிலும், 2005-ல் நம் தமிழ்நாட்டிலிருந்து போன சுப்பிரமணி – சந்திரலேகா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. எழுதி வாங்கிய பத்திரம் இருக்கிறது என்பது அந்த நிரூபணம் ஆகிவிடாது.

நிரூபிக்க எங்கே போவீர்கள்? நீதிமன்றத்துக்குத்தான். வழக்கப்படி பிரிந்துவிட்டோம் என்று நீதிமன்றம் அறிவிக்கக் கேட்கும் ஒரு விளம்புகை வழக்குப் போட்டு, ஊர்ப் பெரியவர்களைக் கூண்டில் ஏற்றி, பழைய சம்பவங்களைச் சாட்சியாக அடுக்கி ஜெயிக்க வேண்டும். அந்த அலைச்சலுக்கு, இருவரும் சேர்ந்து மனுப் போட்டு வாங்கும் சம்மத விவாகரத்து எவ்வளவோ லேசு.

ஊர் கூடியதற்கு மதிப்பு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்பது பவுனும் சாமானும் சண்டை இல்லாமல் வீடு வந்து சேர்ந்ததே, அதை அந்தப் பெரியவர்கள்தான் சாதித்தார்கள். பல வழக்குகளில் நகையைத் திரும்ப வாங்கவே நாங்கள் வருடக்கணக்கில் போராடுகிறோம்.

கரிசல் அண்ணன், அந்தப் பத்திரத்தை ஆத்திரத்தில் கிழித்துவிடாதீர்கள். விவாகரத்தாக அது செல்லாது. ஆனால் 2016 தையிலிருந்து இருவரும் பிரிந்தே வாழ்கிறார்கள் என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் உங்களுக்குக் கிடைக்காது.

மல்லிகை:

இந்த இழையைப் பார்த்ததும் கை நடுங்குகிறது. என் அம்மா கதையைச் சொல்லாமல் போக முடியவில்லை.

அப்பா அரசு வேலையில் இருந்தவர். அவருக்கு முதலில் ஒரு கல்யாணம் ஆகி, 1983-ல் இதே மாதிரி ஊர்ப் பஞ்சாயத்தில் பத்திரம் எழுதிப் பிரிந்தார். 1985-ல் அம்மாவைக் கட்டினார். முப்பத்து நான்கு வருடம் குடும்பம் நடத்தினார்கள். மூன்று பிள்ளைகள். கடைசி இரண்டு வருடம் அப்பா படுத்த படுக்கை, அம்மாதான் எல்லாம் பார்த்தார். 2019-ல் அப்பா போனபிறகு குடும்ப ஓய்வூதியத்துக்கு எழுதினோம். அப்பாவின் பணிப் பதிவேட்டில் முதலில் எழுதியிருந்த பெயர் அந்த முதல் மனைவியுடையது. அவர் உயிரோடு இருக்கிறார். விவாகரத்துத் தீர்ப்பு எங்கே என்று கேட்டார்கள். பத்திரத்தைக் கொடுத்தோம், அதை ஏற்கவில்லை. வாரிசுச் சான்றிதழிலும் அதே சிக்கல்.

பிள்ளைகளான எங்களுக்கு அப்பா சொத்தில் பங்கு உண்டு என்றார் எங்கள் வக்கீல். செல்லாத கல்யாணத்தில் பிறந்தாலும் பிள்ளைகள் சட்டப்படியான பிள்ளைகளே என்று இந்து திருமணச் சட்டத்தின் 16-வது பிரிவு சொல்கிறதாம், 2023-லும் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியிருக்கிறதாம். ஆனால் அம்மா? “என்னை என்னன்னு எழுதியிருக்காங்க அந்தக் காகிதத்துல?” என்று ஒரு நாள் கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. வழக்கு இன்னும் நடக்கிறது.

அண்ணா, உங்கள் தங்கைக்கு வரப்போகிறவர் தீர்ப்பு நகல் கேட்டது நல்லதற்குத்தான். அவரைத் தப்பாக நினைக்காதீர்கள்.

கரிசல் அண்ணன்:

மல்லிகை, உங்கள் அம்மாவுக்காக மனது கனக்கிறது. வக்கீல் சார், ரொம்ப நன்றி. தங்கையிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். சம்மத மனுவுக்குச் சரி என்கிறாள்.

ஆனால் அவர் சம்மதிக்க வேண்டுமே. மாமா நேற்று போனில் பேசிப் பார்த்தார். “கோர்ட்டுக்கு வந்தா ரெண்டாவது கட்டினதுக்கு என்னை உள்ள தள்ளிடுவீங்க” என்று வைத்துவிட்டாராம். கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் எங்கள் கதி என்ன? கல்யாணம் உடைந்துபோயிருந்தால் உடனே விவாகரத்து தரலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாக ஒரு நண்பர் சொல்கிறார். அது நிஜமா?

வைகைக்கரை வக்கீல்:

அந்தத் தீர்ப்பு நிஜம்தான். 2023 மே 1-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு ஷில்பா சைலேஷ் வழக்கில் சொன்னது. ஆனால் அது அரசியல் சாசனத்தின் 142-வது பிரிவில் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் உள்ள அதிகாரம். குடும்ப நல நீதிமன்றம் அதைக் காட்டி விவாகரத்து தர முடியாது. “எங்கள் கல்யாணம் உடைந்துவிட்டது” என்று நேராக டெல்லிக்குப் போய் மனுப் போடவும் முடியாது என்று அதே தீர்ப்பில் இருக்கிறது. அந்த வழியை மறந்துவிடுங்கள்.

அவர் கடைசிவரை மறுத்தால் இந்து திருமணச் சட்டத்தின் 13-வது பிரிவில் தங்கை தனியாக மனுப் போடலாம். கொடுமை ஒரு காரணம், வேறு பெண்ணோடு குடும்பம் நடத்துவது இன்னொரு காரணம். இரண்டுமே உங்களிடம் இருக்கின்றன. தங்கை இப்போது குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், 2003 திருத்தத்துக்குப் பிறகு மனைவிக்கு அந்த வசதி உண்டு. அவர் நோட்டீஸ் வாங்கியும் வராவிட்டால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வரும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம்.

ஆனால் அதற்கு முன்னால் அவரிடம் இன்னொரு தடவை பேசுங்கள். இந்த முறை வேறு மாதிரி. அவர் பயப்படுவது நியாயம். இரண்டாம் கல்யாணத்துக்காக அவர் மேல் புகார் கொடுக்கும் உரிமை முதல் மனைவிக்கும் அவர் சார்பில் அவருடைய பெற்றோர், உடன்பிறந்தவர்கள் போன்ற நெருங்கிய உறவினருக்கும் உண்டு. அதாவது உங்கள் குடும்பம். சம்மத மனுவின் ஷரத்துகளிலேயே, இனி ஒருவர் மேல் ஒருவர் எந்தப் புகாரும் வழக்கும் போடுவதில்லை என்று எழுதிக்கொள்ளலாம். அந்தப் பயம் தீரும்.

அதைவிட முக்கியமான ஒன்றை அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்தத் தீர்ப்பு உங்களுக்கு எவ்வளவு தேவையோ அதைவிட அதிகமாக அவருக்குத் தேவை. இப்போது அவர் வீட்டில் இருக்கும் பெண் சட்டப்படி மனைவி இல்லை. நாளைக்கு அவருக்கு ஏதாவது ஆனால், மனைவி என்ற இடத்தில் வாரிசாக நிற்கப்போவது உங்கள் தங்கை. மல்லிகையின் அம்மாவுக்கு நடந்தது அந்தப் பெண்ணுக்கும் நடக்கும். தீர்ப்பு வந்தால் அவர்கள் முறைப்படி மறுபடி திருமணம் செய்து பதிந்துகொள்ளலாம். பழைய தேதிக்கு அது செல்லாது, அன்றிலிருந்து செல்லும். இதை மிரட்டலாகச் சொல்லாதீர்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

இன்னொன்று. பத்திரத்தில் குழந்தையைப் பற்றி எழுதியிருக்கும் வரியைப் படித்து எனக்குக் கோபம் வந்தது. அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது. அப்பாவும் அம்மாவும் கையெழுத்துப் போட்டுக் குழந்தையின் உரிமையை அழிக்க முடியாது. அந்தப் பெண் குழந்தை அவருடைய மகள், அவருடைய சொத்தில் அவளுக்கு வாரிசு உரிமை உண்டு, ஜீவனாம்சம் கேட்கவும் உரிமை உண்டு. புது மனுவில் அந்த மாதிரி ஒரு வரி நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிலா அம்மா:

சட்டம் பற்றி வக்கீல் அண்ணா சொல்லிவிட்டார். அங்கே போனால் எப்படி இருக்கும் என்று நான் சொல்கிறேன், உங்கள் தங்கையிடம் படித்துக் காட்டுங்கள். நான் 2021-ல் சம்மத விவாகரத்து வாங்கினேன்.

முதலில், மனுவோடு கல்யாணப் பத்திரிகையும் கல்யாண போட்டோவும் இருவரின் ஆதார் நகலும் கேட்பார்கள். என் ஆல்பத்தை நான் ஒரு ராத்திரி உட்கார்ந்து கத்தரியால் வெட்டிப் போட்டிருந்தேன். ஒரு போட்டோ கூட முழுசாக இல்லை. கடைசியில் சித்தி வீட்டு அலமாரியில் ஒன்று கிடைத்தது, நாங்கள் இருவரும் அக்கினி சுற்றும்போது எடுத்தது. அதை வக்கீல் குமாஸ்தாவிடம் கொடுத்தேன், அவர் பின்பக்கம் பசை தடவி ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டினார். அந்த நேரம் அழுதேன். அதற்குப் பிறகு அங்கே அழவில்லை.

நீதிமன்றம் என்றதும் சினிமாவில் வருகிற மாதிரி கூண்டு, கூட்டம், கத்தல் என்று பயந்திருந்தேன். வராந்தாவில் ஒரு பெஞ்சு. இடுப்பில் குழந்தையோடு நிற்கிற பெண்கள், சாப்பாட்டுத் தூக்கோடு வந்த வயதானவர்கள். டவாலி வெளியே வந்து இரண்டு பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டார். எங்கள் பெயரை அப்படிச் சேர்த்து யாராவது கூப்பிட்டே மூன்று வருடம் ஆகியிருந்தது. ஆலோசகரிடம் அனுப்பினார்கள். சேர்ந்து வாழ வழி உண்டா என்று பொறுமையாகக் கேட்டார், தனித்தனியாகவும் கேட்டார். அது அவர்கள் கடமை, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

நீதிபதி ஒரு பெண். என்னைப் பார்த்து, “யாராவது கட்டாயப்படுத்தினார்களா? ஜீவனாம்சம் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதன் அர்த்தம் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டீர்களா?” என்று கேட்டார். ஊரில் பஞ்சாயத்துப் பேசியபோது நான் உள் அறையில் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அங்கே மூன்று மணி நேரம் என்னைப் பற்றிப் பேசினார்கள், என்னிடம் ஒருவரும் பேசவில்லை. இங்கே ஐந்து நிமிடம்தான். ஆனால் அந்த ஐந்து நிமிடமும் என்னிடம்தான் பேசினார்கள்.

எங்களுக்கு மனுப் போட்டதிலிருந்து எட்டு மாதம் ஆனது. பணம் பற்றி ஒரு வார்த்தை: நான் “ஒன்றும் வேண்டாம், விட்டால் போதும்” என்று எழுதிக் கொடுத்தேன். இன்றைக்கு யோசித்தால் அவசரப்பட்டுவிட்டேன் என்று தோன்றுகிறது. தங்கையை நிதானமாக யோசிக்கச் சொல்லுங்கள்.

கடலோரம்:

கிறிஸ்தவர்களுக்கும் இது பொருந்துமா? என் அக்காவுக்குச் சபையில் விசாரித்துத் திருமணம் செல்லாது என்று ஆணை கொடுத்திருக்கிறார்கள். அதை வைத்து மறுமணம் செய்யலாமா?

வைகைக்கரை வக்கீல்:

கூடாது. சபையின் ஆணை சபைக்குள் மட்டும்தான். 1996-ல் மோலி ஜோசப் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில் 2001-ல் சேர்த்த 10ஏ பிரிவில் சம்மத மனுப் போடலாம். பிரிந்து இரண்டு வருடம் ஆகியிருக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. 2010-ல் கேரள உயர் நீதிமன்றம் அதை ஒரு வருடம் என்று படித்தது. உங்கள் ஊர் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முஸ்லிம் சகோதரிகளும் சிலர் தனிச் செய்தியில் கேட்டிருந்தார்கள். குலா, அதாவது மனைவி கேட்கும் மணமுறிவு, பெண்ணின் உரிமை. ஆனால் தனியார் ஜமாஅத் அமைப்புகள் கொடுக்கும் குலா சான்றிதழ் செல்லாது, குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சபையானாலும் ஜமாஅத்தானாலும் ஊரானாலும் கடைசியில் ஒரே கதவுதான்.

பாலைவனத் தமிழன்:

நான் ஷார்ஜாவில் இருக்கிறேன். சம்மத மனு போட்டால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து போகவேண்டுமா? லீவு கிடைக்காது.

வைகைக்கரை வக்கீல்:

வேண்டியதில்லை. அப்பா அல்லது உடன்பிறந்தவருக்குத் தூதரகத்தில் சான்றொப்பம் செய்த பவர் கொடுத்து மனுவை நடத்தலாம். உங்கள் வாக்குமூலத்தை வீடியோவில் பதிவு செய்ய நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். தனி இழையாகப் போடுங்கள், விவரமாக எழுதுகிறேன்.

கரிசல் அண்ணன்:

ஞாயிற்றுக்கிழமை மாமாவும் நானும் அவர் வீட்டுக்கே போனோம். அப்பாவை அழைத்துப் போகவில்லை, பழைய கோபம் கிளம்பிவிடும் என்று.

திண்ணையில் உட்கார வைத்தார். முகத்தைப் பார்க்காமல்தான் பேசினார். நான் வக்கீல் சார் எழுதியதை அப்படியே, குரல் உயர்த்தாமல் சொன்னேன். புகார் கொடுக்க மாட்டோம், அதை மனுவிலேயே எழுதிக்கொள்வோம் என்றேன். தலையை மட்டும் ஆட்டினார். அப்புறம் இரண்டாவது விஷயத்தைச் சொன்னேன். சட்டப்படி இன்னும் என் தங்கைதான் உங்கள் மனைவி, இந்த வீட்டில் இருப்பவர்களுக்கும் அதனால் பிற்பாடு கஷ்டம் வரும் என்று.

அந்தப் பெண் நிலைப்படியில் காபித் தட்டோடு நின்றிருந்தார். நான் கவனிக்கவே இல்லை. “அப்ப இத்தனை வருசமா நான் யாரு?” என்று அவரைப் பார்த்துக் கேட்டார். ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை. காபியைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நாங்களும் கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்துவிட்டோம். பஸ்ஸில் வரும்போது, காரியத்தைக் கெடுத்துவிட்டோம் என்றுதான் மாமா சொன்னார்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு அவரே போன் செய்தார். எங்கே வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார்.

மல்லிகை:

அந்த அக்காவை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். இப்போதாவது தெரிந்ததே.

வைகைக்கரை வக்கீல்:

நல்ல செய்தி. இப்போது ஆறவிடாதீர்கள். இது இந்து திருமணச் சட்டத்தின் 13பி மனு, 1976 திருத்தத்தில் வந்த பிரிவு. ஒரு வருடத்துக்கு மேல் பிரிந்திருக்கிறோம், சேர்ந்து வாழ முடியவில்லை, பிரிய இருவருக்கும் சம்மதம் என்று சேர்ந்து ஒரே மனு. சட்டப்படி ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள் மறுபடி வந்து சம்மதத்தை உறுதி செய்ய வேண்டும். அந்த ஆறு மாதம்தான் உங்களுக்குப் பயம். ஏனென்றால் தீர்ப்பு வரும்வரை இருவரில் ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது.

2017 செப்டம்பரில் அமர்தீப் சிங் வழக்கில், அந்த ஆறு மாதத்துக்கு விலக்கு தர நீதிபதிக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பானது. மனுப் போடும்போதே பிரிந்து ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும், சேர்த்துவைக்கும் முயற்சி பலிக்காமல் போயிருக்க வேண்டும், குழந்தை, ஜீவனாம்சம் எல்லாம் பேசி முடிந்திருக்க வேண்டும். உங்களுக்கு ஒன்பது வருடம் ஆகிவிட்டது. முதல் மனு போட்டு ஒரு வாரம் கழித்து விலக்கு மனு போடச் சொல்லுங்கள். அந்த மஞ்சள் பைப் பத்திரத்தை அதோடு இணையுங்கள்.

வடக்குத்தெருக்காரன்:

அண்ணே, நான் முதலில் சொன்னதை நீங்கள் கேட்காமல் விட்டதற்கு மனசார நன்றி சொல்கிறேன். என் அத்தையிடமும் இதைப் பேசினேன். முதல் மாமா இறந்து பல வருடம் ஆகிறது, அதனால் இப்போதாவது முறைப்படி செய்து பதிந்துகொள்ள வழி இருக்கிறது என்றார் எங்கள் ஊர் வக்கீல். அறுபத்தொரு வயதில் பதிவா என்று வெட்கப்படுகிறார். விடமாட்டேன்.

கரிசல் அண்ணன்:

நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

நேற்று தீர்ப்பு வந்துவிட்டது. விலக்கு மனுவை நீதிபதி ஏற்றுக்கொண்டார். குழந்தை தங்கையிடம், மாதம் ஆறாயிரம் ரூபாய் மகள் பெயரில் வங்கிக் கணக்கில் போடவேண்டும், கோடை விடுமுறையில் அப்பா வந்து பார்க்கலாம். தங்கை தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. நிலா அம்மா சொன்னதைப் படித்துக் காட்டினேன், இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னாள். நீதிபதி அதையே அவளிடம் கேட்டார். “யோசிச்சுத்தான் சொல்றேங்க அம்மா” என்றாள். அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

சம்மதத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது என்று எங்கள் வக்கீல் சொன்னார். ஆனாலும் நகல் கையில் வந்தபிறகுதான் தேதி குறிப்போம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டோம், அவர்களும் அதுதான் சரி என்றார்கள். ரேஷன் அட்டை, ஆதார், அவளுடைய பி.எஃப். நாமினி எல்லாம் ஒவ்வொன்றாக மாற்றவேண்டும்.

சான்றிட்ட நகல் மூன்று கேட்டு எழுதியிருக்கிறேன். ஒன்று தங்கைக்கு, ஒன்று மாப்பிள்ளை வீட்டுக்கு. தீர்ப்பு வந்த அன்று வராந்தாவில் அந்தப் பெண்ணும் மகனோடு வந்து நின்றிருந்தார். என் தங்கை போய் அந்தப் பையன் கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தாள். “எனக்கும் தீர்ப்புல ஒரு காப்பி கிடைக்குமா அக்கா?” என்று அவர் என் தங்கையிடம்தான் கேட்டார். மூன்றாவது அவருக்கு.